உப்புக் காற்றில் கேஸ் அடுப்பு: 6 வருஷம் ஓட்டிய பிறகு

வட சென்னைக் கடலோரத்தில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் அடுப்பு வாங்குபவர்கள் கடையில் கண்ணாடி டாப்பைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். கவிழ்த்துப் பார்க்க வேண்டும். 6 வருஷத்தில் கண்ணாடிக்கும் பித்தளை பர்னருக்கும் ஒன்றுமே ஆகவில்லை. உப்புக் காற்று அரித்ததெல்லாம் அடித்தகடும் ஸ்க்ரூவும்தான். ஆகவே முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடியே நம்ம ஊருக்குத் தோது.

தீ ஆரஞ்சாக எரிந்தால் பதற வேண்டாம். கடல் காற்றிலிருக்கும் உப்பும் அந்த நிறத்தைக் கொடுக்கும். பாத்திரத்தின் அடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். கரி ஒட்டினால்தான் கோளாறு: உள்ளே போதுமான காற்று கலக்கவில்லை. பெரும்பாலும் கேஸும் காற்றும் கலந்து பர்னருக்குப் போகும் மிக்சிங் டியூபில் ஒட்டடையோ, பொங்கி வழிந்த மீன் குழம்போ அடைத்திருக்கும்.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியபின் பர்னரைத் தூக்குங்கள். டியூபுக்குள் மெல்லிய பாட்டில் பிரஷ் விட்டு இழுத்தால் போதும். பர்னரை எலுமிச்சை பிழிந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். ஈரம் நின்றால் பட் பட்டென்று வெடித்து அணையும். கேஸ் பீய்ச்சும் ஜெட் துளையில் ஊக்கு, ஆணி விடவே கூடாது. துளை துளியளவு பெரிதானாலும் கேஸ் கூடி, தீ மஞ்சளாகிக் கரி பிடிக்கும். புது ஜெட் மாற்றுவதே மலிவு.

நாப் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது பிசினாகி இன்னும் இறுகும். உள்ளே காய்ந்திருப்பது கிரீஸ். அதை மெக்கானிக் கழற்றிப் பூசட்டும்.

சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை 5 வருஷத்தில் மாற்றிவிடுங்கள், வெடிப்பு தெரியாவிட்டாலும். சிலிண்டர் வந்ததும் சீலை உடைத்து, வால்வில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் போயிருக்கிறது. மூடியை மாட்டி, சிலிண்டரை வெளியே வைத்துவிட்டு கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு அடியுங்கள். சிலிண்டரின் கழுத்துத் தகட்டில் பி-27 என்றிருந்தால் (பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன்) அதன் சோதனைக் கெடு 2027 ஜூன் வரை.

கேஸ் கீசர்? சென்னை வெயிலுக்கு வருஷத்தில் இரண்டு மாதம்தான் வேலை. வாங்கியே தீருவதானால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். மூடிய அறைக்குள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது.