புள்ளியா, சதுர அடைப்பா? ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்டில் மதிப்பை எடுப்பது

வடசென்னைக் கடை ஒன்றின் டெலிவரி பக்கத்தில், பகுதிகளின் பின்கோடுகளை வைத்திருக்கும் இப்படி ஒரு ஆப்ஜெக்ட் (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) இருக்கட்டும்:

பின் = { ராயபுரம்: 600013, பெரம்பூர்: 600011, "பழைய வண்ணாரப்பேட்டை": 600021 }

இதில் ராயபுரம் போன்ற பெயர்கள்தான் கீ. கோடு எழுதும்போதே கீயின் பெயர் தெரியும் என்றால் புள்ளிதான் நல்லது. பின்.ராயபுரம் என்றால் 600013 வரும். படிக்கவும் சுலபம், எடிட்டரே பெயரை நிரப்பித் தரும். ஸ்பேஸ் உள்ள பெயருக்கு ஆகாது, பின்.பழைய வண்ணாரப்பேட்டை என்றால் சின்டாக்ஸ் எரர்தான்.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது வேறிடம். டிராப்டவுனில் தேர்ந்தெடுத்த பகுதி, ஏரியா என்ற வேரியபிளில் இருக்கிறது. பின்.ஏரியா என்று எழுதினால் "ஏரியா" என்ற பெயரிலேயே கீ தேடப்படும். எரர் வராது, சத்தமில்லாமல் அன்டிஃபைன்ட் (மதிப்பு இல்லை) வரும். அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. பின்[ஏரியா] என்று மாற்றுங்கள். சதுர அடைப்பு, உள்ளே இருப்பதன் மதிப்பை முதலில் எடுத்து, அதைக் கீயாகத் தேடும். அதே காரணத்தால், மேற்கோள் குறி இல்லாத பின்[ராயபுரம்], ராயபுரம் என்ற வேரியபிளைத் தேடி, அது இல்லாததால் ரெஃபரன்ஸ் எரர் தரும், பின்["ராயபுரம்"] சரி.

இதற்குப் பிறகும் அன்டிஃபைன்ட் வந்தால், ஏரியாவின் லெங்த்தை (எத்தனை குறியீடுகள் என்பதை) கன்சோலில் பாருங்கள். "ராயபுரம்" என்பதற்கு 8 வர வேண்டும். 9 வந்தால் பெரும்பாலும் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். ட்ரிம் செய்தால் (ஓரங்களில் உள்ள ஸ்பேஸை நீக்கினால்) போய்விடும். தமிழ்க் கீகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. "கொருக்குப்பேட்டை"யின் ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், இரண்டாகப் பிரிந்தும் பதிவாகலாம். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் வெவ்வேறு கீகள். சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்துவிடுங்கள் (இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்).