காம்ரேட்ஸ் ஓட உப்பு மாத்திரையா, எனர்ஜேடா, உப்பு தொட்ட கிழங்கா?

மார்ச், ஏப்ரல் வந்தாலே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் ஓடுற நம்ம ஆளுங்க நடுவுல இதே பேச்சுதான், உப்பு மாத்திரை போடலாமா, எனர்ஜேட்ங்கிற ஸ்போர்ட்ஸ் பானம் குடிக்கலாமா, இல்ல வெறும் தண்ணியே போதுமான்னு. காம்ரேட்ஸ்னா தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம், அத 12 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னா பயம் இருக்கத்தான் செய்யும். ஆனா ஓடுற அன்னைக்கு உப்பு கொறஞ்சிடுமோன்னு பதறுற அதே ஆளு, மத்த நாள்ல தட்டுல விழுற உப்ப ஒரு நாளும் கணக்குப் பாக்குறதில்ல.

மொதல்ல எவ்வளவு போகுதுன்னு பாருங்க. ஒரு லிட்டர் வேர்வையில சராசரியா 1 கிராம் கிட்ட சோடியம், உப்பா சொன்னா ரெண்டரை கிராம். ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும், சிலருக்கு அதுல பாதிகூட இருக்காது, சிலருக்கு ஓடி முடிச்சதும் தொப்பியில வெள்ளையா கோடு விழும்.

மாத்திரை. இதுக்குத்தான் பேரும் அதிகம் விலையும் அதிகம். 200 மில்லிகிராம் சோடியம் இருக்கிற ஒரு கேப்ஸ்யூல்னா அரை கிராம் உப்பு, அவ்வளவுதான், சமையலறை டப்பால இருந்து ரெண்டு சிட்டிகை. தசை இழுக்காதுன்னு நம்பித்தான் பாதிப்பேர் வாங்குறாங்க, ஆனா கேப் டவுன் பல்கலைக்கழகத்துல மார்ட்டின் ஷ்வெல்னஸும் கூட இருந்தவங்களும் நீண்ட ஓட்டக்காரங்க ரத்தத்த எடுத்துப் பாத்தப்ப, இழுத்தவங்களுக்கும் இழுக்காதவங்களுக்கும் உப்புல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல, தசை களைச்சுப் போறதுதான் காரணம்ங்கிறது அவங்க வாதம். ஊறுகாத் தண்ணி குடிச்சா இழுப்பு நிக்குதேன்னு கேப்பீங்க, நிக்குது, 2010-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுலயும் ஒன்றரை நிமிஷத்துக்குள்ள நின்னுச்சு, ஆனா அதுக்குள்ள அந்த உப்பு ரத்தத்துக்குப் போயிருக்கவே முடியாது, தொண்டையில பட்ட புளிப்பு நரம்பு வழியா ஏதோ செய்யுதுன்னுதான் நெனைக்கிறாங்க. அப்போ நம்ம வீட்டு ஆச்சார் ஜாடி மாத்திரைக்கு எந்த விதத்துலயும் கொறஞ்சதில்ல.

எனர்ஜேட் மாதிரி கலர் பானம் எதுவா இருந்தாலும் பொதுவா லிட்டருக்கு 400, 500 மில்லிகிராம் சோடியம்தான், வேர்வையில போறதுல பாதி. சர்க்கரைக்காக குடிங்க, நீண்ட ஓட்டத்துல அது வேணும். உப்புக்காகன்னா வேணாம்.

வெறும் தண்ணி விஷயம்தான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா ஆபத்தே இங்கதான். அந்தக் காலத்துல தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடி, முடிஞ்ச அளவு குடின்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நம்ம தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவ ஆராய்ச்சியாளர் டிம் நோக்ஸ்தான் 1985-ல, தண்ணிய அதிகமா குடிச்சே ரத்தத்துல சோடியம் விழுந்து போன ஓட்டக்காரங்களப் பத்தி எழுதினாரு, அதுல காம்ரேட்ஸ் ஓடினவங்களும் உண்டு. ரத்தத்துல சோடியம் லிட்டருக்கு 135-ல இருந்து 145 மில்லிமோல் வரைக்கும் இருக்கணும் (லேப்ல அளக்கிற அளவு இது), கீழ எறங்கினா தலைவலி, வாந்தி, குழப்பம், ரொம்ப எறங்கினா மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. கலர் பானத்துல அதே கணக்கு வெறும் 20 கிட்டதான், அதனால அத குடம் குடமா குடிச்சாலும் ரத்தம் நீர்த்துத்தான் போகும், மேல நாலு மாத்திரை போட்டாலும் காப்பாத்தாது. தாகத்துக்குக் குடிங்க, தாகம் இல்லன்னா விடுங்க. ஓடி முடிக்கையில எடை ஏறியிருந்தா நீங்க அளவுக்கு மீறி குடிச்சிட்டீங்கன்னு அர்த்தம்.

என் ஓட்டு கிழங்குக்குத்தான். வழி நெடுக மேசையில அவிச்ச உருளக்கிழங்கு வெச்சிருப்பாங்க, உப்பத் தொட்டு வாயில போட்டா மாவுச்சத்து, பொட்டாசியம், உப்பு மூணும் ஒரே வாயில, இனிப்பு குடிச்சு குடிச்சு திகட்டின நாக்குக்கு அது அமிர்தம். பந்தய வழியில வர்ற இஞ்சாங்கா மேட்டுல எனர்ஜி ஜெல் பாக்கெட்ட பாத்தாலே கொமட்டுறவங்களுக்கு நான் சொல்றது புரியும். ஓடி முடிச்சப்புறம்னா மாஸ்ங்கிற புளிச்ச பால் வாங்கி தண்ணி ஊத்தி உப்பு போட்டு கலக்குங்க, மோர் ரெடி.

இப்போ மத்த நாளுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு. 2016-லயே இங்க சட்டம் போட்டு ரொட்டியில உப்பக் கொறைச்சாங்க, 2019-ல இருந்து 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் சோடியம்தான் உச்சம். அப்படியும் ஒரு குவாட்டர் பன்னி சோவ்ல, அதாவது கால் ரொட்டியக் குடைஞ்சு கறி ஊத்தித் தர்றதுல, ரொட்டி மட்டும் 175 கிராம், அதுலயே ஒன்றரை கிராமுக்கு மேல உப்பு வந்துடும், மட்டன் கறியும் ஆச்சாரும் இன்னும் கணக்குல வரல. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடிட்டு இத சாப்பிட்டா போன உப்பு மொத்தமும் அன்னைக்கே திரும்பி வந்துடும், தனியா மாத்திரை எதுக்கு? ஓடுறவனுக்கு பிரஷர் வராதுங்கிறதும் சும்மா பேச்சு, ஓட்டம் கொறைக்கும், தடுத்து நிறுத்தாது.

அண்ணனோ அக்காவோ பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி நீர் மாத்திரை எடுத்துக்கிட்டு ஓடுறவங்களா இருந்தா இந்த அலசல் அவங்களுக்கு அப்படியே பொருந்தாது, அந்த மாத்திரையே சோடியத்த எறக்கும், பந்தயத்துக்கு முன்னாடி கிளினிக்ல கேட்டுத்தான் ஆகணும். அப்புறம் வலிக்குதுன்னு வழியில ஐபுபுரூஃபன் போடுறத விட்ருங்க, தண்ணி வத்தின ஒடம்புல அது கிட்னிய அடிக்கும், சோடியம் விழுற ஆபத்தையும் கூட்டும்.