நாற்பது கொண்டை ஊசி வளைவும் நான் ஓட்டிய வண்டிகளும்

எந்த வண்டி நல்ல வண்டி, எது மோசம் என்று யார் கேட்டாலும் என்னிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல்தான்: ஆழியாறு – வால்பாறை ரோடு. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. எஸ்டேட்களில் கொழுந்து எடை போடும் தராசுகளைச் சரிபார்ப்பது என் தொழில். மாதத்துக்கு நாலைந்து தடவை என்று முப்பத்தைந்து வருஷமாக அந்த ரோட்டில் ஏறி இறங்குகிறேன். டிக்கியில் எப்போதும் 20 கிலோ இரும்பு எடைக்கற்கள் ஏழெட்டாவது கிடக்கும். வெயில், மூடுபனி, ஜூலை மழை எல்லாம் பார்த்தாயிற்று. பத்திரிகைக்காக ரெண்டு நாள் வண்டியை வாங்கி ஓட்டிவிட்டு எழுதுகிறவர்களுக்கு இது கிடைக்காதே என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வண்டி என்னுடையதல்ல, முதலாளியுடையது. அம்பாசடர் மார்க் 4, டீசல். 1989இல் அதில்தான் மலை ஓட்டப் பழகினேன். கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும், முன்னால் ஒரே நீள சீட்டு, டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் தாராளம், மனசு வைத்தால் நாலு பேர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை எடுத்துக் கொல்கத்தா பக்கம் உத்தரபாராவில் செய்தது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. அப்போது தெரிந்ததெல்லாம், பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்தச் சக்கரத்தை ஒரு கொண்டை ஊசியில் முழுசாகத் திருப்பி நிமிர்த்துவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும் என்பதுதான். 1489 சிசி டீசல் இன்ஜினுக்கு அவசரம் என்பதே தெரியாது. நான் மிதிப்பேன், முதலாளி பக்கத்தில் வெற்றிலையை மென்றுகொண்டே, "வெரட்டாத கண்ணு, அது போற போக்குல விடு. எந்த கியர்ல ஏறுனயோ அதே கியர்ல எறங்கு" என்பார். இன்றைக்கும் இறக்கத்தில் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே வருகிறவர்களைப் பார்த்தால் அவர் குரல்தான் காதில் விழும். அந்த வண்டி நல்லதா கெட்டதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாத்தியாருக்கு எப்படி மார்க் போடுவது?

தனியாகத் தொழில் ஆரம்பித்தபின் 1999இல் வாங்கியது மாருதி 800. 95 மாடல், செகண்ட் ஹேண்ட், வெள்ளை, ஏசி கிடையாது, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். நான் ஓட்டியதிலேயே சிறந்த வண்டி இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலே கியர், நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் வண்டியின் எடையே 650 கிலோவைச் சுற்றித்தான், அதனால் இருக்கிற சக்தி போதும். அம்பாசடர் ரோட்டின் முழு அகலத்தையும் கேட்கும் வளைவுகளில் இது பூனை மாதிரி உள்பக்கமாகவே சுற்றி வந்துவிடும். எதிரே பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது என்ற கவலை இல்லை, ஒரு பாறை இடுக்குப் போதும். இரண்டாவது கியரில் போட்டால் அட்டகட்டி வரைக்கும் ஒரே சுருதியில் பாடிக்கொண்டே ஏறும். சுருதி இறங்கினால் கியரைக் குறை, அவ்வளவுதான், மீட்டரே பார்க்க வேண்டாம்.

கிளட்ச் ஒரு சாதாரண கேபிள். பெடலிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கம்பி. அறுந்தால் ரோட்டோரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னதால், புதுக் கேபிள் ஒன்றைப் பாலித்தீன் கவரில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்திருந்தேன். பதினோரு வருஷத்தில் அதை எடுக்கவே வேண்டி வரவில்லை. வண்டியை விற்கும்போது அந்தக் கவரையும் பிரிக்காமலே கொடுத்தேன். மைலேஜ் மலையும் சமவெளியும் சேர்த்து லிட்டருக்குப் பதினாறு, பதினேழு. குறை என்றால், பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். விபத்து என்று வந்தால் அந்தத் தகடு என்ன காப்பாற்றும் என்பதை நினைக்காமல் ஓட்டுவதே நல்லது. அன்றைக்கு அதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

இடையில் மற்றவர்கள் வண்டியும் கை மாறி வந்தது. நண்பரின் ஆம்னியில் பெரிய எடை மேடைகளை ஏற்றிக்கொண்டு போவேன், முன் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின், கவர்க்கல் பனியில் அது ஒரு சுகம். மச்சானின் சான்ட்ரோவை அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் அதிகம் ஓட்டினேன். கூரை உயரம் என்பதால் முழங்கால் வலிக்காரர் குனியாமல் ஏறி உட்காரலாம். இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, நம்ம ஊர் வண்டி என்று அவன் பெருமைப்படுவதைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

சரி, மோசமான வண்டிக்கு வருவோம். பெயர் சொல்லப் போவதில்லை. எனக்கு வாய்த்த ஒன்றை வைத்து அந்தக் கம்பெனியையே திட்டுவது முறையில்லை, தவிர அதே மாடலை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். 2010இல் வாங்கிய டீசல் செடான். பெரிய டிக்கி, பெரிய சீட்டு, நாலு கதவுக்கும் பவர் விண்டோ. பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் 800ஐப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வீட்டில் பேச்சு வந்தது, நானும் விழுந்துவிட்டேன். சமவெளியில் ராஜா. உடுமலை ரோட்டில் நூறில் போனால் உள்ளே டம்ளரில் காபி ததும்பாது. முதல் ஆறு மாதம் ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

அப்புறம் ஒரு ஆகஸ்ட் மாத சாயங்காலம். வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறேன், நல்ல மழை, டிக்கியில் எடைக்கல் மட்டும் இருநூறு கிலோ. பதினாறாவது வளைவுக்குக் கொஞ்சம் மேலே மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றலாம் என்று கிளட்சை மிதித்தேன். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரவே இல்லை. கால் விரலை அடியில் விட்டுத் தூக்கினால் வருகிறது, மிதித்தால் மறுபடி செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது. பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினேன், இன்ஜின் உலுக்கி நின்றது. ஹெட்லைட் வெளிச்சத்தில் மழையும் பாறையும் மட்டும். போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. இன்ஜின் நின்றிருந்ததால் கியர் லீவர் எப்படியோ இரண்டாவதில் விழுந்தது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் இருக்கும்போதே சாவியைத் திருப்பினேன். வண்டி ரெண்டு குதி குதித்து ஸ்டார்ட் ஆகிவிட்டது. இனி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இன்ஜின் நிற்கும், மறுபடி குதிக்க வேண்டும். ஹசார்டு லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டே, இரண்டாவது கியரில் பதினாறு வளைவு. ஒன்பதாவதில் லோம்ஸ் வியூ பாயின்ட். வெயில் நாளில் ஆழியாறு அணை தட்டில் வைத்த மாதிரி தெரியும் இடம், அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வைப்பர் மட்டும். செக்போஸ்டில் தடுப்புக் கம்பு இறங்கியிருந்தது. நான் ஜன்னலில் தலையை நீட்டி "கிளட்ச் போச்சு, தூக்குங்க" என்று கத்தியதைப் பார்த்து வனக் காவலர் என்ன நினைத்தாரோ, தூக்கிவிட்டார். ஆழியாறு கடைத்தெருவில் நிறுத்தினேன். கால் நடுக்கம் அடங்க ரெண்டு டீ ஆனது.

கோளாறு என்னவென்றால், அந்த வண்டியில் கிளட்ச் கேபிளால் இயங்குவதில்லை, எண்ணெய் அழுத்தத்தால். அந்த அழுத்தத்தை வாங்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கிறது. ரப்பர் சீல் கசிந்திருக்கிறது. சாமான் விலை நாலாயிரத்துச் சொச்சம்தான். அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். இறக்கியதுதான் இறக்கினோம், கிளட்ச் செட்டையும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். சாமான் வர பதினெட்டு நாள், பில் முப்பத்தோராயிரம். அந்தப் பதினெட்டு நாளும் எடைக்கற்களைச் சாக்கில் கட்டி அரசு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன், கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பாவம் என்று நினைத்திருப்பார். பதினாலு மாதம் கழித்து மறுபடி அதே கோளாறு, நல்லவேளையாகப் பொள்ளாச்சி சந்தைக்கு முன்னால். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு தள்ளிவிட்டேன். 

எண்ணெய் கிளட்ச் என்பதே மோசம் என்று சொல்லவில்லை, பெடலுக்கு இதமாக இருக்கும், இன்றைக்குப் பல வண்டிகளில் அதுதான். ஆனால் மலையில் தொழில் செய்கிறவன் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினால், எது கெட்டால் எதை இறக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கவும். நான் சீட்டு மெத்தையைத்தான் அழுத்திப் பார்த்தேன்.

மோசத்தில் இரண்டாவது இடம், 2017இல் மூன்று நாள் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன வண்டி. கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், நம் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. டவுனில் அருமை. கொண்டை ஊசியின் நடுவில், ஏற்றம் செங்குத்தாக எழும் இடத்தில்தான், கியரை மாற்றலாமா வேண்டாமா என்று அதற்கு யோசனை வரும். அந்த ஒரு நொடி இழுவை இல்லாமல் தலை முன்னால் போய்த் திரும்பும், பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனிலேயே திட்டுவான். ஏற்றத்தில் நின்று கிளம்பினால் ஒரு முழம் பின்னால் உருளும். லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் கியரை நாமே போட்டுக்கொள்ளலாம் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. பாதித் தப்பு என்னுடையது.

2013இலிருந்து ஸ்விஃப்ட் டீசல். 1248 சிசி. ஃபியட் வடிவமைத்த இன்ஜின். இண்டிகா விஸ்டா, புன்டோ, டிசையர், ரிட்ஸ் என்று எத்தனையோ வண்டிகளில் ஓடியதால் தேசிய இன்ஜின் என்றே பெயர் வாங்கியது. 1,90,000 கிலோமீட்டர் ஆகிறது. இன்ஜினை நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் வைத்திருந்தால் எடைக்கல் டிக்கியில் இருப்பதே மறந்துபோகும். பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, அதனால் இதை விற்க மனசு வரவில்லை. 800க்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஏன் முதலிடம் இல்லை என்றால், இதை நான் மதிக்கிறேன், அந்த 800உடன் நான் பேசியிருக்கிறேன்.

மருமகனின் நெக்ஸான் எலக்ட்ரிக் வண்டியையும் ஒருமுறை மலைக்கு ஓட்டினேன். ஏறும்போது பேட்டரி சதவீதம் கண்ணெதிரே கரைகிறது, இறங்கும்போது காலை எடுத்தால் வண்டி தானாக வேகம் குறைத்துக்கொண்டு கொஞ்சம் சார்ஜும் சேர்த்துக்கொள்கிறது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பதற்கு அதில் அர்த்தமே இல்லை. பதினோராவது வளைவில் வரையாடு இரண்டு நின்றன, சத்தமே இல்லாமல் போய் நிறுத்தியதால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை ஓட்டியதை வைத்து அதற்கு இடம் போட மாட்டேன்.

அந்த 800ஐ நாற்பதாயிரத்துக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் வாங்கினார். போன மாதம் கோட்டூர் ரோட்டில் பார்த்தேன், அதே நம்பர், மேலே மஞ்சள் பெயின்ட், எல் போர்டு. ஆர்வத்தில் ஹாரன் அடித்துவிட்டேன். ஓட்டிக்கொண்டிருந்த பெண் பதறிப் போய் நடு ரோட்டில் இன்ஜினை அணைத்துவிட்டாள். மாஸ்டர் என்னைப் பார்த்து முறைத்தார்.