ஐகானா, சிட்டி விடெக்கா, லான்சரா: கொல்லிமலை ஏறி இறங்கியபின் என் முடிவு

ஆசைக்கு ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற யாரிடம் பேசினாலும், பேச்சு சுற்றிச் சுற்றி மூன்று பெயரில்தான் வந்து நிற்கிறது. ஃபோர்டு ஐகான் 1.6, ஹோண்டா சிட்டி விடெக், மிட்சுபிஷி லான்சர் 1.5. எங்கள் வட்டத்தில் மூன்றும் இருக்கின்றன. என்னிடம் 2002 ஐகான். என் கல்லூரி நண்பனிடம் 2001 சிட்டி. பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அவர் வாங்கியதிலிருந்து கையை விட்டுப் போகாத 2000 லான்சர் வைத்திருக்கிறார். எது நல்ல கார் என்று பல வருடமாக டீக்கடையில் பேசியாயிற்று, ஆனால் ஒரே ரோட்டில், ஒரே நாளில், மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததே இல்லை. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்தோம். விடிவதற்கு முன்பே சேலத்தில் கிளம்பி ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு.

இந்த மூன்று காரும் ஒரே காலத்துப் பிள்ளைகள். சிட்டியும் லான்சரும் 1998-ல் இந்தியாவுக்கு வந்தன, ஐகான் 1999 கடைசியில். அதுவரை அம்பாசடர், பத்மினி, மாருதி என்று இருந்த நமக்கு, ஓட்டுவதற்காகவே கார் எடுக்கலாம் என்ற எண்ணமே இந்தக் கார்கள் வந்த பிறகுதான் நிஜமானது. இன்னொன்று, இது எனக்கு மிகவும் முக்கியம்: மூன்றில் இரண்டு நம்ம ஊர்க் கார்கள். ஐகான் மறைமலைநகரில் செய்தது. லான்சர் திருவள்ளூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் செய்தது. சிட்டி மட்டும் கிரேட்டர் நொய்டாவிலிருந்து வந்தது. திருவள்ளூரில் இன்று சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. மறைமலைநகரில் 2022-ல் கார் தயாரிப்பு நின்றுபோனது, அந்த ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

சரி, முதலில் சிட்டி. எண்களை வைத்துப் பார்த்தால் போட்டியே கிடையாது. 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன், வண்டியின் எடையோ ஒரு டன்னை ஒட்டித்தான். அந்தக் காலத்தில் அந்த விலையில் இதற்குப் பக்கத்தில் எதுவும் நிற்கவில்லை. ஆனால் எண்ணைவிட முக்கியம், அந்தத் திறன் எப்படி வருகிறது என்பது. விடெக் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில், சாதாரண ஓட்டத்துக்கு ஒரு மேடு, வேகத்துக்கு அதைவிட உயரமான இன்னொரு மேடு என இரண்டு வகை உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றை நெருங்கும்போது ஆயில் அழுத்தம் ஒரு சிறிய பின்னைத் தள்ளி, வால்வை அழுத்தும் ராக்கர் கைகளை ஒன்றாகப் பூட்டும், அதன்பின் வால்வு உயர மேட்டின் கணக்குக்குத் திறக்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் சத்தமே மாறிவிடும். இந்தச் சத்தத்துக்காகவே அந்தக் காரை வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும், என் நண்பனும் அதில் ஒருவன். இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் பந்தய ஓடுதளத்தில் இத்தனை சிட்டிகள் ஓடியதற்குக் காரணமும் இதுதான்.

மலையில்தான் கதை மாறியது. கொல்லிமலையில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் பெரிய இடைவெளி கிடையாது, பல இடத்தில் இரண்டாவது கியர் போட்டு மிதித்து, எஞ்சின் உயிர் பெற்று வரும்போதே அடுத்த வளைவின் போர்டு கண்ணில் படும், பிரேக்கில் கால் போயாக வேண்டும். வளைவில் சுற்று 2,000-க்குக் கீழே இறங்கிவிட்டால் சிட்டி கொஞ்ச நேரம் யோசிக்கும், முதல் கியருக்கு இறக்கினால் துள்ளும். முப்பதாவது வளைவு வரை நான் ஓட்டினேன், விடெக் முழுசாகத் திறந்ததை நான்கைந்து முறைக்கு மேல் கேட்கவில்லை. ஸ்டியரிங் லேசு, டவுனில் பெரிய வசதி, ஆனால் ஈரமான வளைவில் முன் டயர் என்ன செய்கிறது என்ற செய்தி கைக்குக் குறைவாகத்தான் வருகிறது. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியும் குறைவு. நான்கு பேர் ஏறினால் நம் ஊர் வேகத்தடைகளைக் குறுக்காகத்தான் ஏற வேண்டும், இது சிட்டி வைத்திருக்கும் எல்லாரும் அறிந்த விஷயம். அதே கார் சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் விடியற்காலையில் காலியாகக் கிடைத்தால் மற்ற இரண்டும் அதன் பின்விளக்கைத்தான் பார்க்க முடியும்.

முப்பதாவது வளைவில் நிறுத்தி என் ஐகானில் மாறி ஏறினேன். என் கார் என்பதால் சாய்ந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், அண்ணனும் நண்பனும் இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுதுகிறேன். ஐகான் 1.6-ல் இருப்பது ராக்கம் எஞ்சின், 1597 சிசி, வெறும் 8 வால்வு, சுமார் 92 குதிரைத்திறன். ஒரு சிலிண்டருக்கு 4 வால்வு என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் 2 வால்வோடு வந்த எஞ்சின். கேம் மேடு வால்வைத் திறக்கும் இடத்தில் சின்ன உருளைகள் வைத்து உராய்வைக் குறைத்திருக்கிறார்கள், பெயரே அதிலிருந்து வந்ததுதான். இதன் பெரிய குணம், உச்ச இழுவை 2,500 சுற்றை ஒட்டியே கிடைத்துவிடும். அதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி எந்தச் சுற்றுக்கு இறங்குகிறதோ, அதற்குச் சற்று மேலேயே இதன் பலம் முழுசாக இருக்கிறது. இரண்டாவது கியரில் உள்ளே போய், வளைவின் பாதியில் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினால் போதும், இழுத்துக்கொண்டு போகும். முதல் கியரைத் தேடவே வேண்டாம். நாற்பது வளைவு அப்படியே ஏறினேன்.

அதோடு அந்த ஸ்டியரிங். ஐகான் அடிப்படையில் 90-களின் ஃபியஸ்டாதான், பின்னால் டிக்கி வைத்து நம் நாட்டுக்காகச் செய்தது. ஐரோப்பாவில் அந்த ஃபியஸ்டா வளைவில் எப்படிப் போகிறது என்பதற்காகவே பேர் வாங்கிய கார், அந்த ரத்தம் இதிலும் ஓடுகிறது. ஹைட்ராலிக் ஸ்டியரிங், நிறுத்தும் இடத்தில் கை வலிக்கும் அளவுக்குக் கனம், ஆனால் ஓடும்போது ரோட்டில் சரளை இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கைக்கே சொல்லிவிடும். இப்போது வரும் எலக்ட்ரிக் ஸ்டியரிங் கார்களை ஓட்டிவிட்டு இதில் உட்கார்ந்தால் காது அடைப்பு விட்டது போல இருக்கும்.

குறையும் நிறைய. 5,000-க்கு மேல் இந்த எஞ்சினை விரட்டுவதில் ஒரு சுகமும் இல்லை, சத்தம் கரகரப்பாகிவிடும், பலமும் கூடாது. டவுனில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் அன்று நல்ல நாள். பின் சீட்டு மூன்று பேருக்கு நெருக்கம்.

லான்சரைப் பற்றி எழுதும்போது நான் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் சின்ன வயதில் நான் ஆசைப்பட்ட கார் அதுதான். 1997, 98, 99 மூன்று வருடமும் பின்லாந்து ஓட்டுநர் டொம்மி மாக்கினென் உலக ராலி சாம்பியன் ஆனது லான்சரின் பந்தய வடிவமான லான்சர் எவல்யூஷனில், திருவள்ளூரிலிருந்து வெளிவந்த லான்சரும் அதே தலைமுறை உடல்தான். டர்போவும் நான்கு சக்கர இழுவையும் நமக்குக் கிடைக்கவில்லை, ஆனால் கதவும் கூரையும் பின்புற வடிவமும் அதே குடும்பம். நம் நாட்டு ராலிகளிலும் பல வருடம் லான்சர் மண் கிளப்பியது.

எஞ்சின் மட்டும் அந்தக் கனவுக்கு ஈடு இல்லை. 1468 சிசி, திறன் 90-ஐத் தொடாது, குணம் அமைதி. அவசரப்படுத்தினால் பிடிக்காது, அதன் போக்கில் விட்டால் நாள் முழுக்க அலுங்காமல் ஓடும். ஆனால் கீழே இருக்கும் சஸ்பென்ஷன் இந்த மூன்றில் தலைசிறந்தது. பின்னால் மல்டிலிங்க், இரண்டு பின் சக்கரமும் தனித்தனியாக வேலை செய்யும். ஐகானில் இரண்டையும் ஒரே பீம் இணைக்கிறது, அதனால் வளைவுக்கு நடுவில் ஒரு பள்ளம் வந்தால் பின்பக்கம் லேசாகத் துள்ளும். லான்சர் அந்தப் பள்ளத்தை விழுங்கிவிட்டுப் பேசாமல் போகும். இது ஏறும்போது தெரியவில்லை, இறங்கும்போது தெரிந்தது. இறக்கத்தில் எஞ்சின் பலத்துக்கு வேலை இல்லை, சமநிலைக்குத்தான் வேலை. அண்ணன் முன்னால் இறங்கினார், நான் ஐகானில் பின்னால். நல்ல ரோட்டில் ஒட்டியே வந்தேன், பெயர்ந்த தார் வந்த இடங்களில் அவர் ஒவ்வொரு முறையும் இரண்டு கார் நீளம் தள்ளிப் போனார். பின் சீட்டில் உட்கார்ந்து வந்த அண்ணி தூங்கிவிட்டார் என்று அடிவாரத்தில் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம், 70 வளைவில் ஒருவர் தூங்க முடிகிறது என்றால் அந்த சஸ்பென்ஷன் செய்த மனிதர்களை வணங்கத்தான் வேண்டும்.

இனி வீட்டில் வைத்துப் பராமரிக்கிற கதை. ஓட்டுகிற சுகத்தைவிட இதுதான் பலர் காரை விற்பதற்குக் காரணம், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது ஐகான் ராக்கமில் டைமிங் செயின் எனும் இரும்புச் சங்கிலி. சிட்டியிலும் லான்சரிலும் டைமிங் பெல்ட் எனும் ரப்பர் பட்டை, நாள்பட்டால் அறுந்துவிடும். பெல்ட் வண்டியைப் பழையதாக வாங்கினால், விற்பவர் என்ன சொன்னாலும் சரி, வாங்கிய வாரமே பெல்ட்டை மாற்றிவிடுங்கள், அதோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் தண்ணீர் பம்பையும். சிட்டியில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அந்தச் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். ஐகானில் கவனிக்க வேண்டியது எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட். அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கூடு பிளாஸ்டிக், 20 வருடச் சூட்டில் எந்த பிளாஸ்டிக்கும் நொறுங்கத்தான் செய்யும், அலுமினியத்தில் செய்த மாற்றுக் கூடு போட்டுவிட்டால் அந்தப் பயம் போய்விடும். எஞ்சின் ஒருமுறை கொதித்துவிட்டால் அதன் மேல்பகுதியான ஹெட் வளையும், அதற்குப் பிறகு அந்தக் கார் பழையபடி ஆகாது. முன்பு என் காருக்கு ஒரு பட்டறையில் கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பினார்கள், ரேடியேட்டரே போனது. அன்றிலிருந்து மூடியைத் திறந்து நிறம் பார்க்காமல் நான் எந்தப் பட்டறையிலிருந்தும் வண்டியை எடுப்பதில்லை.

பாகங்கள் கிடைப்பதில் சிட்டி முன்னால் நிற்கிறது, எஞ்சின் சாமான் எப்படியும் கிடைத்துவிடும். ஐகானுக்கு எஞ்சின், புஷ், கிளட்ச் கிடைக்கிறது. ஹெட்லைட், டோர் பீடிங், டேஷ்போர்டு சாமான்களுக்கு அலைய வேண்டும். லான்சர் பாடு திண்டாட்டம். அண்ணன் ஒரு பக்கக் கண்ணாடிக்காக இரண்டு மாதம் காத்திருந்து, கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்து வந்தார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, எல்லாருக்கும் அப்படி இருக்காது.

பேப்பர் விஷயம் மூன்றுக்கும் பொது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) புதுப்பிக்க வேண்டும். 2025-ல் மத்திய அரசு 20 வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிவிட்டது, ஆகவே வாங்கும் முன் ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள், அந்தத் தொகையை விலையில் பேசிக் குறையுங்கள். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். இந்த மூன்று காரும் அந்தக் கணக்குக்குச் செய்தவை அல்ல, பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் தின்றுவிடும். எரிபொருள் குழாய்களை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுவது பெரிய செலவில்லை, தள்ளிப்போடாதீர்கள்.

அதே காலத்து ஃபியட் பாலியோ 1.6-ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 100 குதிரைத்திறன், கல்போன்ற உடல், நல்ல கார், ஆனால் எங்கள் யாரிடமும் இல்லை, ஓட்டாத காரைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

என் தீர்ப்பு இதுதான். நெடுஞ்சாலைதான் உங்கள் ரோடு, இல்லையென்றால் என்றைக்காவது பந்தய ஓடுதளத்தில் இறக்கிப் பார்க்கும் எண்ணம் உண்டு என்றால் சிட்டி விடெக், வேறு எதையும் பார்க்காதீர்கள். குடும்பத்தோடு நீண்ட தூரம், கெட்ட ரோடு, சாமான் தேடுவதில் பொறுமை, இந்த மூன்றும் இருந்தால் லான்சர். ஏற்காடு, கொல்லிமலை, ஏலகிரி என்று வாரக்கடைசியில் வளைவு தேடிப் போகிற ஆள் என்றால் ஐகான் 1.6. நான் அந்த மூன்றாவது ஆள், மறுபடி பணம் கொடுத்து வாங்கச் சொன்னாலும் ஐகான்தான் வாங்குவேன்.

வாங்கப் போகும்போது ஒன்று. ஐகானில் 1.3 நிறைய சுற்றுகிறது, வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது, 1.6 என்று சொல்லி விற்பார்கள். ஆர்.சி.யில் 1597 என்று இருக்கிறதா பாருங்கள். சிட்டியில் அந்தச் சோதனை உதவாது, ஏனென்றால் 100 குதிரைத்திறன் உள்ள சாதாரண 1.5-க்கும் விடெக்குக்கும் ஆர்.சி.யில் ஒரே 1493தான். பானெட்டைத் திறந்து எஞ்சின் மூடியில் எழுத்தைப் பாருங்கள், மூடியையும் மாற்றி மாட்டியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பாமல், எஞ்சின் சூடான பிறகு காலி ரோட்டில் இரண்டாவது கியரில் 6,000 வரை இழுத்துக் கேளுங்கள். சத்தம் மாறவில்லை என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.