புளூ வுல் கார்டு: மொட்டைமாடி வெயிலில் சாயச் சோதனை

துணியின் சாயம் வெயிலுக்கு எவ்வளவு தாங்கும் என்று அளக்கும் புளூ வுல் கார்டு, 1 முதல் 8 வரை எண்ணிட்ட எட்டு நீலக் கம்பளித் துண்டுகள் ஒட்டிய அட்டை, அவ்வளவுதான் சரக்கு. 1 சீக்கிரம் வெளுக்கும். 8 நீண்ட நாள் தாங்கும். ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நேரம் நிற்கும். துணி எந்தத் துண்டின் அளவுக்கு வெளுக்கிறதோ, அதன் எண்தான் துணிக்கும். ஆக, 3 எடுத்த துணிக்கும் 6 எடுத்த துணிக்கும் உள்ள தூரம் எட்டு மடங்கு. "3 வந்தால் பாதி பாஸ்" என்பது தப்புக் கணக்கு.

துணியையும் அட்டையையும் அருகருகே வைத்து, இரண்டிலும் பாதியை அலுமினியத் தாள் சுற்றிய கெட்டி அட்டையால் இறுக்கி மூடுங்கள். மூடி தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியும். வெளுத்ததற்கும் வெளுக்காததற்கும் நடுவே கோடு விழாது, ஒப்பிடவே முடியாது. மேலே சாதாரண ஜன்னல் கண்ணாடி, துணியில் படாமல், காற்று புகும்படி. தெற்குப் பார்த்து, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்வு: திருப்பூரென்றால் சுமார் 11 டிகிரி. கண்ணாடி இல்லாமல் வைத்தால் கூடுதல் புற ஊதாக் கதிரும் பனியும் சேர்ந்துவிடும். அது வேறு சோதனை.

எத்தனை நாள் என்று எண்ண வேண்டாம். மேகம் போட்டாலும் துணிக்கும் அட்டைக்கும் ஒரே வெளிச்சம்தானே. கிரே ஸ்கேலில் (நிறமாற்றத்தை ஒப்பிடும் சாம்பல் நிற அளவு அட்டை; எண் குறையக் குறைய மாற்றம் அதிகம்) 4 அளவுக்கு, பிறகு 3 அளவுக்குத் துணி மாறும்வரை விட்டு, அதே அளவு வெளுத்த நீலத்தின் எண்ணைப் படிக்கவேண்டும். எடுத்த கையோடு பார்க்காதீர்கள். சில சாயங்கள் வெளிச்சத்தில் தற்காலிகமாக நிறம் மாறி, இருட்டில் திரும்பும். ஒரு நாள் இருட்டில் வைத்துப் பார்த்தால்தான் நிஜம். மஞ்சள்தூளில் நனைத்தெடுத்த துணியையும் கூட வைத்துப் பாருங்கள்: கீழ் எண்களோடேயே ஓடிவிடும். மஞ்சள் கறையை வெயில் தின்பது வீட்டில் எல்லாரும் பார்த்ததுதான்.

ஒரே சாயம் வெளிர் ஷேடில் குறைந்த எண்ணே காட்டும். அடர் ஷேடில் வந்த எண்ணை பேபி பிங்க்குக்குப் போடுவதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் பிழை.

தேறாத ஷேடை முன்கூட்டியே கழிக்க இது போதும். பையருக்கு (துணி வாங்கும் நிறுவனத்துக்கு) காட்ட, ஜெனான் விளக்கில் எடுத்த சர்வதேசத் தரச் சோதனையான ஐஎஸ்ஓ 105-பி02 ரிப்போர்ட்தான் வேண்டும். ஈரப்பதம் கூடினால் பருத்தியும் கம்பளியும் ஒரேமாதிரி வெளுக்காது. மாடியில் அதைக் கட்டுப்படுத்த வழியில்லை. விளையாட்டு உடைக்கு வியர்வையும் வெளிச்சமும் சேர்ந்த பி07 என்ற ஐஎஸ்ஓ சோதனை தனி. இந்த அட்டை அதற்கு உதவாது.

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். எல்2 முதல் எல்9 வரை போட்டிருந்தால் அது அமெரிக்க வரிசை. 1 முதல் 8 வரையுள்ள ஐஎஸ்ஓ எண்ணோடு மாற்றிப் படிக்கக்கூடாது. ஒருமுறை வெயில் பட்ட துண்டை மறுபடி வைக்காதீர்கள். மிச்சத்தைக் கறுப்பு உறையில் வையுங்கள்.