உபால்டா டிவிடி: பல வருஷமா வச்சுப் பாத்த அனுபவம்

1972ல வந்த இத்தாலியப் படம். முழுப் பேரு 'க்வெல் கிரான் பெட்ஸோ டெல்லுபால்டா துத்தா நூடா எ துத்தா கால்டா', ஆனா உபால்டான்னு சொன்னாலே இந்த வகைப் படம் பாக்குறவங்களுக்குப் புரிஞ்சிடும். மரியானோ லாரென்டி டைரக்‌ஷன், எட்விஜ் ஃபெனெக், பிப்போ ஃபிராங்கோ, கரின் ஷூபர்ட் நடிச்சது. மத்தியகால உடுப்பு போட்டு எடுத்த அடல்ட் காமெடி, அப்பப்போ நிர்வாணக் காட்சி வரும், அதுக்கு மேல போகாது. இந்த மாதிரி டிஸ்க்கை ஒரு தடவை பாத்துட்டு ஷெல்ஃபுல போட்டுருவாங்கன்னுதான் பொதுவா நினைப்போம். நான் வருஷக்கணக்கா எடுத்து எடுத்துப் பாத்துட்டு இருக்கேன், ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு புடிபடுது, அதனால டிஸ்க் எப்படி படம் எப்படின்னு ரெண்டையும் சேத்தே எழுதுறேன்.

கதை சின்னதுதான். ஒலிம்பியோன்னு ஒரு வீரன் போர்ல இருந்து ஊருக்குத் திரும்பி வர்றான், பிப்போ ஃபிராங்கோ பண்ணியிருக்காரு. வீட்ல பொண்டாட்டி ஃபியாம்மா, அது கரின் ஷூபர்ட், இடுப்புல இரும்புல கற்புப் பூட்டு போட்டிருக்கு, சாவி கைக்குக் கிடைக்கல. பக்கத்துல ஒரு மாவு மில்லுக்காரன், அவனுக்கும் இவனுக்கும் ஏற்கனவே தகராறு. அந்த மில்லுக்காரன் பொண்டாட்டிதான் உபால்டா, அது எட்விஜ் ஃபெனெக். அவளப் பாத்த உடனே ஒலிம்பியோவுக்குப் பழைய பகையெல்லாம் மறந்து போயி மில்லுக்காரனோட சமாதானம் பண்ணிக்கணும்னு தோணிடுது. மிச்சமெல்லாம் அந்த வீட்டுக்குள்ள எப்படியாவது நுழையுறதுக்கு அவன் படுற பாடு.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா படம் இன்னும் நல்லா ரசிக்கலாம். 1971ல பசோலினிங்குற இத்தாலிய இயக்குநர், பொக்காச்சியோன்னு ஒரு பழைய இத்தாலிய எழுத்தாளரோட டெக்கமரான் கதைகள்ல சிலதை எடுத்து நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சுல படமா பண்ணினாரு, பெர்லின் விழாவுல நடுவர் குழுவோட சிறப்புப் பரிசும் கிடைச்சுது, தியேட்டர்ல கூட்டமும் அள்ளுச்சு. மூல நூலே 1348ல ஃப்ளோரன்ஸ்ல பிளேக் வந்தப்போ ஊருக்கு வெளிய ஒதுங்கின ஏழு பொண்ணுங்களும் மூணு பசங்களும் பத்து நாள்ல சொல்லிக்கிற நூறு கதை, அதுல ஏமாந்த புருஷனும் சபலப்பட்ட சாமியாரும் நிறையவே உண்டு. படம் ஓடின உடனே ரோம்ல இருந்த சின்னச் சின்ன தயாரிப்பாளருங்க எல்லாரும் இறங்கிட்டாங்க. டெக்கமரான் நம்பர் 2, நம்பர் 3, நம்பர் 4ன்னு பேரு வச்சு, ஏதோ பசோலினியே தொடர்ந்து எடுத்த மாதிரி, 1972ல மட்டும் டஜன் கணக்குல வந்துச்சு, அவருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இந்த வகைக்கு இத்தாலியில டெக்கமெரோட்டிகோன்னு தனிப் பேரே உண்டு. ஒண்ணு ரெண்டு வருஷத்துல அலை அடங்கிடுச்சு, பசோலினியும் 1975ல டெக்கமரானையும் அதுக்கப்புறம் அதே வரிசையில எடுத்த ரெண்டு படங்களையும் வேண்டாம்னு எழுதிட்டாரு. நான் இந்த வகையில கைக்குக் கிடைச்ச பலதையும் பாத்திருக்கேன், பாதிக்கு மேல சும்மா துணி அவுக்குறதுக்காகக் கதை, ரெண்டாவது தடவை பாக்க முடியாது. உபால்டா அப்படி இல்ல.

ஏன்னா இதுல கேலி முழுக்க அந்த ஆம்பளை மேலதான். முதல் தடவை பாக்குறப்போ கண்ணு ஃபெனெக் மேலதான் போகும், அது இயல்பு, படமே அப்படித்தான் எடுத்து வச்சிருக்கு. திரும்பத் திரும்பப் பாத்தாத்தான் தெரியும், ஒலிம்பியோ எந்த சீன்லயும் ஜெயிக்கிறதே இல்ல. அவனோட கற்பனையில உபால்டா வெட்டவெளியில ஸ்லோ மோஷன்ல ஓடி வர்றா பாருங்க, அந்தக் காலத்து விளம்பரப் படம் மாதிரி, அது முழுக்க அவன் மண்டைக்குள்ள ஓடுறது. வெளிய அவன் ஒல்லி உடம்போட நீள மூக்கோட திருதிருன்னு நிக்கிறான். அழகு அவன் கனவுல, அடி நிஜத்துல. லாரென்டி இதைக் கடைசி வரைக்கும் விடாம புடிச்சிருக்காரு, அதுக்காகவே எனக்கு அவர் மேல மரியாதை.

இன்னொண்ணும் இருக்கு. அந்தப் படம் ஓடின இத்தாலியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கல்யாணமான பொண்ணு வேற ஒருத்தரோட போனா அது கிரிமினல் குத்தம்னு அங்க சட்டம் இருந்துச்சு, அதே காரியத்தைப் புருஷன் பண்ணினா அந்தக் கணக்கு கிடையாது, அரசியல் சாசனக் கோர்ட் 1968லதான் அதைத் தூக்கிப் போட்டுச்சு. விவாகரத்து சட்டம் வந்தது 1970 டிசம்பர்ல. அதை ஒழிக்கணும்னு ஒரு கூட்டம் கிளம்பி 1974 மே மாசம் நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடந்து, சட்டம் இருக்கட்டும்னு ஜனங்க சொன்னாங்க. அந்த இடைவெளியில, 1972ல, பொண்டாட்டிக்குப் பூட்டு போட்டு சாவியத் தேடித் திரியுற ஒரு புருஷனப் பாத்து தியேட்டர் சிரிச்சிருக்கு. எடுத்தவங்க இதையெல்லாம் திட்டம் போட்டு எடுத்தாங்கன்னு நான் சொல்லல, டிக்கெட் விக்கத்தான் எடுத்தாங்க. ஆனா அந்தச் சிரிப்பு எங்க இருந்து கிளம்புதுன்னு எனக்குப் புரிஞ்சது இந்தத் தேதிகளைப் பக்கத்துல வச்சுப் பாத்தப்புறம்தான்.

அந்தப் பூட்டு விஷயமும் பெரும்பாலும் கட்டுக்கதைதான். 1405 வாக்குல கோன்ராட் கீசர்னு ஒரு ராணுவப் பொறியாளர் எழுதின கையெழுத்துப் பிரதியில அப்படி ஒரு படம் இருக்கு, அதையே வேடிக்கைக்குப் போட்டிருப்பாருன்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. மியூசியங்கள்ல மத்தியகாலம்னு காட்டி வச்சிருந்த பூட்டுங்க பல பிற்காலத்துல செஞ்சதுன்னு தெரிஞ்சு எடுத்துட்டாங்க, இல்லன்னா விவரச் சீட்டை மாத்தி எழுதிட்டாங்க. போருக்குப் போன வீரனுங்க பூட்டிட்டுப் போனாங்கன்னு நாம நம்புறது பின்னாடி வந்தவங்க கட்டிவிட்டது. படத்துல காட்டுறது வரலாறு இல்லன்னு தெரிஞ்சே பாருங்க, காமெடி ஒண்ணும் குறையாது.

சரி டிஸ்க்குக்கு வர்றேன். என்கிட்ட இருக்குறது இத்தாலிய ஆடியோ, இங்கிலீஷ் சப்டைட்டில் உள்ள டிவிடி. கம்பெனி பேரு வேண்டாம். படம் பளிச்சுன்னு இருக்காது, ஆனா சிவப்பும் காவியும் நல்லா நிக்குது, இந்தப் படத்துக்கு அதுதான் முக்கியம், உடுப்பும் மண் சுவரும் கலர்லதான் உயிர் புடிக்கும். ஃபிலிமோட பொடிப் பொடி கிரெய்னை அப்படியே விட்டிருக்காங்க, துடைச்சு முகத்தை மெழுகு மாதிரி ஆக்கல, அதுக்கு நன்றி.

குறை எங்கன்னா கேமரா பக்கவாட்டுல திரும்புறப்போ. ஆளோட உருவம் ரெண்டு ரெண்டா நிழல் மாதிரி தெரியும். ரொம்ப நாள் என் பிளேயர்தான் கோளாறுன்னு சந்தேகம், வேற பிளேயர்ல போட்டும் அதேதான். காரணம் இது ஐரோப்பாவுக்குன்னு பண்ணின மாஸ்டர்ல இருந்து அமெரிக்க ஃபார்மேட்டுக்கு மாத்தினது. ஃபிலிம் செகண்டுக்கு 24 பிரேம், பால் (PAL)ங்குற ஐரோப்பிய டிவி முறைக்கு 25ஆ ஓட்டுவாங்க, அதனால படம் 4 சதவீதம் வேகமா ஓடும், 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்துல முடியும், குரலும் கொஞ்சம் கீச்சுன்னு ஏறும். அப்புறம் அந்த 25ஐ எடுத்து அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியோட 30க்கு நீட்டுறப்போ பக்கத்துப் பக்கத்து பிரேமை ஒண்ணோட ஒண்ணு கலந்துடறாங்க, அந்தக் கலப்புதான் நிழல். பிளேயர்ல எந்த செட்டிங் மாத்தினாலும் இது முழுசா போகாது, டிஸ்க்லயே பதிஞ்சு கிடக்கு. நீங்க வாங்குறப்போ டப்பா பின்னாடி ஓடுற நேரத்தைப் பாருங்க, ஐரோப்பிய பால் பதிப்பு கிடைச்சா அதையே எடுங்க, ரீஜன் 2, அதாவது ஐரோப்பாவுக்குன்னு குறிச்ச டிஸ்க், ஓடுற பிளேயர் மட்டும் வேணும், வேகம் கொஞ்சம் கூட இருந்தாலும் நிழல் இருக்காது.

ஆடியோ பத்தி எல்லாரும் கேக்குறது, ஒரிஜினல் டிராக்லயே வாய் அசைவு சரியா உக்காரலயே, இது டப்பிங்கான்னு. ஆமா, டப்பிங்தான், ஆனா அதுதான் ஒரிஜினலும். அந்தக் காலத்து இத்தாலியப் படங்கள்ல ஷூட்டிங் ஸ்பாட் சத்தத்தை வச்சுக்குறது கம்மி, எல்லாம் பின்னாடி ஸ்டுடியோவுல பேசிப் போடுறதுதான். ஃபெனெக் அல்ஜீரியாவுல பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்தவங்க, கரின் ஷூபர்ட் ஜெர்மன்காரங்க, அதனால அவங்களுக்கு இத்தாலியில வேற குரல். இதை டிஸ்க்கோட குறைன்னு எழுதி ஸ்டார் குறைக்காதீங்க. வசனம் கேக்கவே ஒரு ருசி, லத்தீன் மாதிரி, கிராமத்துப் பேச்சு மாதிரி, இல்லாத ஒரு பழைய இத்தாலியனை உண்டாக்கிப் பேசுறாங்க, 1966ல மோனிசெல்லிங்குற இயக்குநர் எடுத்த பிராங்கலியோனேங்குற மத்தியகாலக் காமெடிப் படம் போட்ட பாதை அது. மொழி தெரியாட்டியும் அந்த ஏத்த இறக்கம் காதுல புடிபடும். சப்டைட்டில் அதுல பாதியத்தான் கொண்டு வருது, எதுகை வச்சுப் பேசுற இடமெல்லாம் சாதா வசனமா போயிடுது. இருந்தாலும் சப்டைட்டிலோடயே பாருங்க, வேற மொழி டப்பிங் வேண்டவே வேண்டாம், அதுல பாதி ஜோக்கு செத்துடும்.

இசை புரூனோ நிகோலாய், மோரிக்கோனே இசையமைச்ச எத்தனையோ படத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா நடத்தினவரு. இங்க ஒரு சுவாரசியம் இருக்கு. இதே 1972ல இதே ஃபெனெக், இதே நிகோலாய், இதே தயாரிப்பாளர் லூச்சியானோ மார்டினோ, மூணு பேரும் சேந்து ரத்தம் தெறிக்கிற த்ரில்லரும் பண்ணிட்டு இருந்தாங்க. அங்க பயந்து நடுங்கி ஓடுற அதே பொண்ணு இங்க மில்லு வீட்ல கண்ணாலயே ரெண்டு ஆம்பளைங்களை மேய்க்கிறா. அந்தப் படங்களையும் இதையும் ஒரே வாரத்துல பாத்தீங்கன்னா ஃபெனெக்கை வெறும் கவர்ச்சி நடிகைன்னு யாராச்சும் சொன்னா கோவம் வரும், எனக்கு வருது. காமெடியில நேரம் தப்பாம ஒரு பார்வை வைக்கிறது லேசான வேலை இல்ல. 1975ல இருந்து டீச்சராவும் போலீஸாவும் நடிச்சு நாட்டுக்கே செல்லமானாங்க, பின்னாடி தயாரிப்பாளராகி 2004ல அல் பசீனோ நடிச்ச வெனிஸ் வணிகன் படத்துலயும் பங்கு எடுத்தாங்க. பிப்போ ஃபிராங்கோ டிவில பெரிய ஆளானாரு.

பிடிக்காததும் இருக்கு. வயித்துக் கோளாறு ஜோக்கெல்லாம் தேவைக்கு மேல நீளுது, நடுவுல ஒரு கால் மணி நேரம் தொங்கும், நான் இப்போ அந்த இடத்தைத் தாண்டித்தான் போறேன். கரின் ஷூபர்ட்டுக்கு எழுதினது போதவே போதாது. இவங்க அதுக்கு முந்தின வருஷம் பிரெஞ்சு காமெடி நடிகர் லூயி டி ஃபூனே படத்துல ஸ்பெயின் ராணியா வந்து அவ்ளோ அழகா காமெடி பண்ணினவங்க, இங்க ஃபியாம்மாவுக்குக் கோவப்படுறதத் தவிர வேலையே குடுக்கல. பூட்டு மாட்டி இருக்குறது அவ உடம்புல, அவளுக்குன்னு சொல்ல நிறைய இருந்திருக்கும், அந்தக் கதைய எழுதியிருந்தா படம் வேற லெவல்.

எக்ஸ்ட்ராஸ் எதுவும் பெருசா இல்ல. இந்த வகைப் படங்களை வெளிநாட்டுல போட்டப்போ வெட்டின பிரிண்ட்டுங்க நிறையச் சுத்துது. ஒரு சீன் சட்டுன்னு அறுந்து இசை பாதியில குதிச்சா அது வெட்டின இடம்னு வச்சுக்கலாம். சில பதிப்புல வெட்டினதைப் பழைய வீடியோ டேப்ல இருந்து எடுத்து ஒட்டியிருப்பாங்க, அந்த இடத்துல மட்டும் படம் மங்கும், மொழி கூட மாறும், அப்படி இருந்தா திட்டாதீங்க, முழுசா குடுக்கணும்னு யாரோ மெனக்கெட்டிருக்காங்க.

குடும்பத்தோட பாக்குற படம் இல்ல, சின்னப் பசங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. பசோலினி படத்தை முதல்ல பாத்துட்டு இதுக்கு வந்தா ஒவ்வொரு நக்கலும் எதைப் பாத்து அடிச்சதுன்னு புரியும், நேரா இதுல ஆரம்பிச்சாலும் சிரிக்கலாம். வாங்குறவங்க இத்தாலிய ஆடியோ இருக்கா, சப்டைட்டில் இருக்கா, ஓடுற நேரம் முழுசா இருக்கா, இந்த மூணை மட்டும் பாத்துட்டு வாங்குங்க. அட்டை மேல என்ன போட்டோ போட்டிருக்குங்கறதைக் கண்டுக்காதீங்க, இந்த வகைப் படங்கள்ல அட்டையில இருக்குற சீன் பாதி நேரம் உள்ளயே இருக்காது.