பழைய ஜப்பான் நெயில் கன் வாங்கப் போகிறவர்களுக்கு

எனக்கு 32,000 ரூபாய் போச்சு. உங்களுக்கும் போகாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை கட்டுகிறோம். கூரைக்கு ரீப்பர் சட்டம் அடிக்க தச்சுவேலை பாஸ் மூன்று நாள் கேட்டார். பெயின்ற் அடிக்க வாங்கிய 24 லீற்றர் கொம்பிரசர் வீட்டில் சும்மா கிடந்தது. காற்றழுத்தம் 8 பார் வரை ஏறும். அந்தக் காற்றில் ஆணி அடிக்கிற கன் ஒன்று மட்டும் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று, பழைய சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.

"அண்ணை, ஜப்பான் றீகண்டிஷன். சைனாச் சாமான் இதுக்குக் கிட்டவும் வராது" என்றார் கடைக்காரர். என்ன கொம்பிரசர் என்று கேட்டார், சொன்னேன். "அது தாராளம்" என்றார். பெட்டி உடைத்த பைன் பலகை ஒன்றில் சின்ன ஆணி இரண்டு அடித்துக் காட்டினார். முழுசாக உள்ளே இறங்கியது. அந்தப் பலகையில் நகத்தால் குத்தினாலும் இறங்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் கெம்பஸ், கடினமான மரம். 65 மில்லிமீற்றர் ஆணி பாதியில் நின்றது. அடுத்ததும் அப்படியே. கடைக்கு போன் எடுத்தேன். "கொம்பிரசர் பிரஷர் சுவிட்சைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கோ அண்ணை" என்கிறார்! தாங்கியின் அளவை மீறிக் காற்றை ஏற்றச் சொல்கிறார், அதுவும் போனில். பாஸ் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்புறம் அவர்தான் கன்னைப் புரட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் கடையின் ஸ்டிக்கர். ஆணி முனையால் சுரண்டினால் அடியில் ஜப்பான்காரன் அச்சடித்தது: 1.2 முதல் 2.3 மெகாபாஸ்கல். ஒரு மெகாபாஸ்கல் 10 பார். அதாவது என் கன்னுக்குக் குறைந்தது 12 பார் வேண்டும், 23 வரை போகும். ஜப்பானில் இந்த உயர் அழுத்தக் கன்னுக்குத் தனிக் கொம்பிரசர், தனிக் குழாய், தனிக் கப்ளிங். நம் வீட்டுக் குழாய் அதில் மாட்டவே மாட்டாது. எனக்கு மட்டும் எப்படி மாட்டியது? காற்று ஏறும் வாயில் புத்தம் புதிய கப்ளிங், விளிம்பில் வெள்ளை டேப் பிதுங்கிக்கொண்டு. மாற்றியவருக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்?

திருப்பிக் கொடுக்கப் போனேன். "றீகண்டிஷனுக்கு வொரண்டி இல்லை, அண்ணை அடிச்சுப் பாத்துத்தானே எடுத்தனீங்கள்." நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம் என்று பில்லைத் தேடி எடுத்தேன். அதில் "மெஷின் 1" என்று மட்டும் இருக்கிறது. கடைப் பெயர்கூட இல்லை. என் பிழைதான், வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

வாங்குவதென்றால் முதலில் ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொல்லுங்கள். 0.8க்குக் கிட்ட முடிகிற எண் இருந்தால் சாதாரண 8 பார் கொம்பிரசர் போதும். 2.3 என்று இருந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் மரத்துண்டு ஒன்றைப் பையில் கொண்டுபோய், உங்கள் ஆணியைப் போட்டே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் மொடல் இலக்கமும் கடை முத்திரையும் இருக்க வேண்டும்.

ரீப்பர் வேலையை பாஸ் சுத்தியலாலேயே முடித்தார். சரியாக மூன்று நாள்.